தாய்மார் தைத்த கவுண்

2000ஆம் ஆண்டளவில் டிஸ்னி கம்பனியில் புதிதாகச் சேர்ந்த அண்டி மூனி, அமெரிக்காவின் பீனிக்ஸ் நகரில் கம்பனியின் பனிச்சறுக்குக் காட்சிக்குப் போனார். வரிசையில் நின்ற சிறுமிகள் கார்ட்டூன் இளவரசிகளைப் போல் உடுத்திருந்தார்கள். எதுவும் டிஸ்னி தயாரிப்பல்ல. கிடைத்ததைத் தைத்து ஒட்டி ஒப்பேற்றியவை.

வேறொருவர் கோபித்திருப்பார். மூனிக்கு அது ஓடராகத் தெரிந்தது. சின்டரெல்லா, பெல் முதலிய இளவரசிகளை ஒரே வர்த்தகப் பெயரின்கீழ் சேர்த்தார்கள். 2001இல் சுமார் 30 கோடி டொலராக இருந்த விற்பனை, 2006இல் 300 கோடியை எட்டியது.

புடவைக்கடை வைத்திருக்கும் சகோதரர்களே! மஞ்சள் சட்டினும் வலைத்துணியும் கேட்டு ஒரு தாய் வந்தால், வெட்டிக் கொடுப்பதோடு நின்றுவிடாதீர்கள். என்ன தைக்கிறார் என்று விசாரியுங்கள். அவர் தேடிய உடுப்பு எந்தக் கடையிலும் கிடைக்காமலிருக்கலாம். உங்கள் அடுத்த சரக்கு அதுதான்.