மூலநிரல் காப்பு

ஒரு வங்கி தன் கணக்குகளைப் பேணுவதற்கு மென்பொருள் ஒன்றை வாங்குவதாகக் கொள்ளலாம். வங்கிக்குக் கிடைப்பது கணினி இயக்கும் வடிவம் மட்டுமே. மனிதர் படித்துத் திருத்தத்தக்க மூலநிரல், அதனை உருவாக்கிய நிறுவனத்திடமே இருக்கும். அந்நிறுவனம் நொடித்துப்போனால், பிழைகளைக் களையவோ, புதிய சட்டங்களுக்கேற்ப மென்பொருளை மாற்றவோ வழியின்றி வங்கி இடர்ப்படும்.

மூலநிரலை முன்னரே பெற்றுக்கொண்டால் என்ன என்னும் வினா எழலாம். அது பல்லாண்டு உழைப்பில் விளைந்த தொழில் மறைபொருள். பிறர் கைக்குச் சென்றால் போட்டியாளரை எட்டிவிடும் என உருவாக்கியவர் அஞ்சுவார். இவ்விரு சாராரின் அச்சத்தையும் போக்குவதே ‘எஸ்க்ரோ’ என்னும் ஏற்பாடாகும். சுருளேட்டைக் குறித்த பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து பிறந்த இச்சொல், பொதுவான ஒருவரிடம் நிபந்தனையோடு ஒப்படைக்கப்படும் பொருளைக் குறிக்கிறது.

உருவாக்கியவர், வாடிக்கையாளர், காப்பாளர் ஆகிய மூவரும் ஒப்பந்தம் செய்துகொள்வர். மூலநிரல் காப்பாளரிடம் வைக்கப்படும். உருவாக்கிய நிறுவனம் நொடித்தல், தொழிலை மூடுதல், பராமரிப்பைக் கைவிடுதல் போன்ற, ஒப்பந்தம் குறிப்பிடும் நிகழ்வுகள் நேர்ந்தால் மட்டுமே அது வாடிக்கையாளருக்கு வழங்கப்படும். அப்போதும் அவர் அதனைத் தம் மென்பொருளைப் பேணுவதற்கே பயன்படுத்தலாம்; பிறருக்கு விற்றல் இயலாது.

ஒப்பந்தத்திற்குச் சட்டத்தின் துணையும் வேண்டும். நொடித்த நிறுவனம் ஒன்று தான் வழங்கியிருந்த தொழில்நுட்ப உரிமத்தைக் கைவிடலாம் என்று அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் 1985இல் தீர்ப்பளித்தது. உரிமம் பெற்றிருந்த நிறுவனம் அத்தொழில்நுட்பத்தைப் பயன்படுத்தும் உரிமையை இழந்தது. இக்குறையை நீக்க, 1988இல் அந்நாட்டு நொடிப்புச் சட்டத்தின் 365ஆம் பிரிவில் புதிய உட்பிரிவு சேர்க்கப்பட்டது. அதன்படி, உரிமம் பெற்றவர் உரிய கட்டணத்தைத் தொடர்ந்து செலுத்தி, தம் உரிமையைத் தக்கவைத்துக்கொள்ளலாம். உரிமத்திற்குத் துணையான ஒப்பந்தங்கள் தரும் உரிமைகளும் அதில் அடங்கும்.

எனினும், வைக்கப்பட்ட நிரல் பழைய பதிப்பாக இருந்தால் பயனில்லை. நிரலைத் தொகுக்கும் முறை, தேவையான கருவிகள் ஆகியவை பற்றிய குறிப்புகள் விடுபட்டாலும் அதே நிலைதான். ஆகவே, ஒவ்வொரு புதிய பதிப்பும் உடனுக்குடன் வைப்பில் சேர்க்கப்படல் வேண்டும். வைப்பில் உள்ளவற்றை மட்டுமே கொண்டு, வேறொரு கணினியில் மென்பொருளை முழுமையாக உருவாக்கிச் சோதித்தல் வேண்டும். மேகக் கணிமையில் இயங்கும் மென்பொருளுக்கு நிரல் மட்டும் போதாது. வாடிக்கையாளரின் தரவுகளும், அவற்றை அணுகுவதற்கான திறவுச்சொற்களும் காப்பில் இடம்பெறுதல் இன்றியமையாதது.