அழுகட்டும் என்று காத்திருக்கிறார்கள்!

மது என்றதும் முகம் சுளிக்கும் அன்பர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். அடியேனும் அந்தக் கோஷ்டிதான். அலுவலக வேலையாக புடாபெஸ்ட் போயிருந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஹங்கேரிய நண்பர் ஒருவர் என்னை ரயிலேற்றி டோக்காய் என்ற சிற்றூருக்கு அழைத்துப் போனார். அவருடைய மாமாவுக்கு அங்கே சின்னதாக ஒரு திராட்சைத் தோட்டம்.

அக்டோபர் கடைசி. போட்ரோக், டிஸா என்ற இரு நதிகள் அங்கே கூடுகின்றன. காலையில் எதிரே நிற்பவர் தெரியாத பனிமூட்டம். உச்சிவேளையில் நல்ல வெயில். மாமா ஒரு குலையைத் தூக்கிக் காட்டினார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பாதிப் பழம் சுருங்கி, பழுப்பேறி, மேலே சாம்பல் பூத்தாற்போல் பூஞ்சணம்! மாதுங்கா மார்க்கெட்டில் இப்படி ஒரு குலையைத் தராசில் வைத்தால் என் மனைவி கடைக்காரரைச் சும்மா விடமாட்டாள். மாமாவோ பேரக்குழந்தையைக் காட்டுவது போலக் காட்டுகிறார்.

அந்தப் பூஞ்சணத்தின் பெயர் போட்ரைட்டிஸ். பனி ஈரத்தில் வளர்ந்து, பழத்தோலில் கண்ணுக்குத் தெரியாத துளைகளைப் போடுகிறது. பிற்பகல் வெயிலில் அவற்றின் வழியே நீர் ஆவியாகிவிடும். சர்க்கரையும் புளிப்பும் உள்ளேயே இறுகி நிற்கும். இப்படி வற்றிய பழம்தான் ‘அஸூ’. ஒரு குலையில் எல்லாப் பழமும் ஒரே நாளில் வற்றுவதில்லை. ஆகவே ஒவ்வொன்றாகக் கையால் கிள்ள வேண்டும். அதே கொடிக்குத் திரும்பத் திரும்ப வர வேண்டும். நாள் முழுக்கக் கிள்ளினாலும் ஒருவருக்கு 10 கிலோ தேறினால் பெரிது.

வெயிலுக்குப் பதில் மழை பிடித்துக்கொண்டால் அதே பூஞ்சணம் எமன். பழம் வற்றாமல் நிஜமாகவே அழுகிவிடும். முந்தைய ஆண்டு அப்படித்தான் ஆயிற்றாம். “செப்டம்பரிலேயே பறித்துச் சாதாரண ஒயின் செய்திருந்தால் நாலு காசு பார்த்திருக்கலாம்” என்று மாமி முணுமுணுத்ததை நண்பர் தயங்கித் தயங்கித்தான் மொழிபெயர்த்தார். மாமா அடிக்கடி வானத்தைப் பார்த்துக்கொண்டார்.

கிள்ளிய பழத்தைப் புதுச் சாற்றிலோ ஒயினிலோ ஒன்றிரண்டு நாள் ஊறவைத்துப் பிழிகிறார்கள். 136 லிட்டர் பீப்பாய்க்கு எத்தனை கூடை பழம் என்பது பழைய கணக்கு. கூடைக்குப் பெயர் புட்டோனி. சுமார் 25 கிலோ பிடிக்கும். 2013-ல் விதியை இறுக்கிவிட்டார்கள்: லிட்டருக்குக் குறைந்தது 120 கிராம் சர்க்கரை, மரப்பீப்பாயில் குறைந்தது 18 மாதம். போர்ச்சுகலின் போர்ட் ஒயினில், நொதித்துக்கொண்டிருக்கும்போதே திராட்சைச் சாராயத்தை ஊற்றி நிறுத்தி இனிப்பைக் காப்பாற்றுவார்கள். இங்கே அது வேண்டாம். இவ்வளவு சர்க்கரையில் ஈஸ்ட் தானே ஓய்ந்துவிடுகிறது. பாகில் போட்ட நெல்லிக்காய் கெடாமலிருப்பதும் இதே சமாசாரம்தான்.

குவித்த அஸூவிலிருந்து தன் பாரத்தாலேயே சொட்டும் சாறு ‘எசென்சியா’. லிட்டருக்கு 450 கிராமுக்குக் குறையாத சர்க்கரை, நொதிக்கவே ஆண்டுக்கணக்காகும். போதை, பெரும்பாலும் பீர் அளவுகூட இராது.

நிலவறையில், கரும்பூஞ்சை படர்ந்த சுவரருகே, மாமா அதை ஒரு கரண்டியில் நீட்டினார். மறுத்தால் அவர் மனம் நோகும். வாங்கினால் என் விரதம் போகும். நாக்கு நுனியில் வைத்தேன். முதலில் தேன். அப்புறம் எங்கிருந்தோ எலுமிச்சைப் புளிப்பு வந்து திகட்டாமல் காத்தது. வீட்டில் இதைச் சொல்லியாயிற்று, மன்னிப்பும் கிடைத்தது.

மும்பை திரும்பியதும் நண்பரிடம் நான் முதலில் கேட்டது மழை பெய்ததா என்றுதான். பெய்யவில்லையாம்.