கட்ச் போன பேஷன் மாணவி

கல்யாணத்துக்குத் துணி எடுக்கக் கடைக்குப் போகிறோம். "புதுசா என்ன வந்திருக்கு?" என்று கேட்கிறோம். கடைக்காரர் அள்ளி அள்ளிப் போடுகிறார். போன வருஷம் ரவிக்கையின் கை முழங்கை வரை இருந்தது. இந்த வருஷம் மேலே ஏறிவிட்டது. சேலையில் பெரிய பூ இருந்தது. இப்போது பொடிப் பூவாகிவிட்டது.

யார் மாற்றினார்கள்? தானாக மாறவில்லை. யாரோ ஒருவர் உட்கார்ந்து யோசித்திருக்கிறார். வரைந்து பார்த்திருக்கிறார். வெட்டித் தைத்துப் பார்த்திருக்கிறார். அந்த வேலைக்கு ஆடை வடிவமைப்பு என்று பெயர். பேஷன் டிசைன் என்றும் சொல்கிறார்கள்.

அதைச் சொல்லிக் கொடுக்கத் தனிக் கல்லூரிகள் இருக்கின்றன. 1986-ஆம் ஆண்டு டில்லியில் மத்திய அரசு ஒரு கல்லூரியைத் தொடங்கியது. அதை நிப்ட் என்று சுருக்கமாகச் சொல்வார்கள். ஜவுளி அமைச்சகத்தைச் சேர்ந்தது. இன்று நாட்டின் பல நகரங்களில் அதற்குக் கிளைகள் உண்டு. சென்னையிலும் உண்டு. அங்கே பட்டப்படிப்பு நான்கு ஆண்டுகள்.

"தையல் படிக்க நாலு வருஷமா?" என்று சிலர் சிரிப்பார்கள். தையல் அதில் ஒரு பகுதிதான்.

மாணவி என்ன செய்கிறாள்?

பேஷன் மாணவியின் கையில் எப்போதும் ஒரு நோட்டு இருக்கும். கண்ணில் பட்டதை எல்லாம் அதில் வரைந்துகொள்வாள். கோயில் தூண், வெற்றிலையின் நரம்பு, துருப்பிடித்த தகரம், பாட்டியின் பழைய புடவைக் கரை, எதுவும் தப்பாது. பிறகு ஒரு பெரிய அட்டையை எடுப்பாள். படங்கள், துணித் துண்டுகள், நூல், சருகு எல்லாவற்றையும் அதில் ஒட்டுவாள். எந்த நிறம் எந்த நிறத்தோடு சேர்கிறது என்று பார்ப்பாள். தான் செய்யப் போகும் ஆடைக்குத் தூண்டுதல் எங்கிருந்து வந்தது என்பதை அந்த அட்டை காட்டும். ஆசிரியர் முதலில் கேட்பதும் அதைத்தான்.

பிறகு ஆடையைப் படமாக வரைவாள். காகிதத்தில் அளவு வெட்டுவாள். நல்ல துணியை உடனே தொடமாட்டாள். மலிவான காடாத் துணியில் தைத்து, ஆள் உயரப் பொம்மைக்குப் போட்டுப் பார்ப்பாள். தோளில் சுருக்கம் விழுந்தால் பிரித்து மறுபடி தைப்பாள். இப்படி ஐந்தாறு ஆடைகள் சேர்ந்தால் ஒரு தொகுப்பு. கடைசி ஆண்டில் அதை மேடையில் காட்ட வேண்டும்.

இதற்கிடையில் ஒரு வேலை உண்டு. கைத்தொழில் நடக்கும் ஊருக்கு மாணவர்கள் போக வேண்டும். அங்கே தங்கிப் பார்க்க வேண்டும், கேட்க வேண்டும், எழுதி வர வேண்டும். நம் மாணவி குஜராத்தில் உள்ள கட்ச் மாவட்டத்துக்குப் போகிறாள் என்று வைத்துக்கொள்வோம்.

மூன்று நாளில் முடியுமா?

கட்ச், குஜராத்தின் மேற்கு ஓரத்தில் இருக்கிறது. பரப்பளவில் இந்தியாவிலேயே பெரிய மாவட்டம். மழை குறைவு. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் உப்புப் பாலை. அந்த வறண்ட மண்ணில் துணி வேலை மட்டும் செழித்திருக்கிறது. நெசவு, பூத்தையல், கட்டுச்சாயம் எல்லாம் உண்டு. அஜ்ரக் என்ற அச்சுத் துணியும் உண்டு.

அஜ்ரக் செய்பவர்கள் கத்ரி சமூகத்தார். பல தலைமுறைகளுக்கு முன் சிந்துப் பகுதியிலிருந்து வந்தவர்கள். தமட்கா என்ற ஊரில் தொழில் செய்தார்கள். 2001 ஜனவரி 26-ஆம் தேதி பெரிய நிலநடுக்கம் வந்தது. வீடுகள் இடிந்தன. தண்ணீரும் கெட்டது. அதில் இரும்புச் சத்து கூடிப்போனது. இரும்பு கூடினால் சாயத்தின் நிறம் கெடும். சாயக்காரருக்குத் தண்ணீர்தான் மூலதனம். ஆகவே பலர் புஜ் நகருக்குப் பக்கத்தில் புது ஊர் அமைத்துக் குடியேறினார்கள். அந்த ஊருக்குத் தொழிலின் பெயரையே வைத்தார்கள். அது அஜ்ரக்பூர். இதில் முன்நின்றவர் இஸ்மாயில் முகமது கத்ரி. 2003-இல் இங்கிலாந்தின் டி மான்ட்போர்ட் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது.

நம் மாணவி அஜ்ரக்பூரில் ஒரு பட்டறைக்குப் போகிறாள். நோட்டைத் திறந்து காட்டுகிறாள். அதில் ஒரு மயிலிறகு. மயிரிழைக் கோடுகள். ஏழு நிறங்கள். "பாய், இதை மூன்று நாளில் அடித்துத் தருவீர்களா?" என்று கேட்கிறாள்.

முடியாது. ஏன் முடியாது என்று தெரிந்துகொள்வதுதான் அவளுக்கு அங்கே முதல் பாடம்.

துணியை முதலில் துவைத்துக் கஞ்சி போக்க வேண்டும். பிறகு ஆமணக்கு எண்ணெய், சோடா, ஒட்டகச் சாணம் கலந்த நீரில் ஊறப்போட வேண்டும். வெயிலில் காயவைத்து அலச வேண்டும். பிறகு கடுக்காய் நீரில் முக்க வேண்டும். துணி இளமஞ்சளாகும். இதற்குப் பிறகுதான் மரக்கட்டைக்கே வேலை.

சுண்ணாம்பையும் பிசினையும் குழைத்து முதல் அச்சு வைப்பார்கள். அந்த இடத்தில் எந்தச் சாயமும் ஏறாது. கடைசி வரை வெள்ளையாக நிற்கும். அடுத்தது கறுப்பு. பழைய இரும்புத் துண்டுகளை வெல்லத்தோடு தண்ணீரில் போட்டுப் பல நாள் புளிக்க வைப்பார்கள். அந்த நீரைப் புளியங்கொட்டை மாவு சேர்த்துக் காய்ச்சினால் அச்சுக் குழம்பு தயார். கடுக்காய் ஏறிய துணியில் இரும்பு பட்டதும் கறுக்கிறது. வாழைக்காயை இரும்புக் கத்தியால் நறுக்கினால் கறை பிடிக்கிறதே, அதே கதைதான்.

சிவப்புக்குப் படிகாரம். இதில்தான் வேடிக்கை. படிகாரத்தை அச்சிடும்போது சிவப்பு கண்ணுக்குத் தெரியாது. கடைசியில் செப்புக் கொப்பரையில் மஞ்சிட்டி வேரோடு துணியைக் கொதிக்க வைக்கும்போதுதான் அந்த இடங்கள் சிவக்கும். அச்சிடும் கை எங்கே தப்புச் செய்தது என்பதும் அன்றைக்குத்தான் தெரியும். நீலத்துக்கு அவுரித் தொட்டி. முக்கி எடுக்கும்போது துணி பச்சையாக இருக்கும். காற்றுப் பட்டதும் கண் முன்னே நீலமாக மாறும். இந்த அவுரி நம் திண்டிவனம் பக்கத்திலும் பயிராகிறது.

ஒவ்வொரு படிக்கும் நடுவில் வெயில் வேண்டும், அலச ஓடும் தண்ணீர் வேண்டும். எல்லாம் முடிய வாரக் கணக்கில் ஆகும். மழைக்காலம் என்றால் இன்னும் இழுக்கும்.

கட்டை இன்னொரு சங்கதி. ஒரே டிசைனுக்கு மூன்று கட்டைகளாவது வேண்டும். கோட்டுக்கு ஒன்று, உள்ளே நிரப்ப ஒன்று, பின்னணிக்கு ஒன்று. காந்திநகர் பக்கத்துப் பெதாபூரில் தேக்கு மரத்தில் செதுக்குகிறார்கள். ஒரு கட்டையின் கோடு அடுத்த கட்டையின் கோட்டோடு இம்மி பிசகாமல் பொருந்த வேண்டும். ஏழு நிற மயிலிறகு இதில் எப்படி வரும்?

ஆகவே மாணவி நோட்டை மூடுகிறாள். பட்டறைச் சுவரில் அடுக்கியிருக்கும் பழைய கட்டைகளைப் பார்க்கிறாள். பாதாம், பேரீச்சம் பழம், நட்சத்திரம் என்று அவற்றில் பல வடிவங்கள். அஜ்ரக்கில் வழக்கமாகத் துணி முழுக்க இடைவெளி இல்லாமல் அச்சு இருக்கும். அவள் பாதித் துணியை வெறுமையாக விடச் சொல்கிறாள். ஒரே ஒரு கட்டையை ஓரத்தில் மட்டும் வைக்கச் சொல்கிறாள். அச்சுக்காரர் கொஞ்சம் யோசிக்கிறார். "வெறும் நீலத்தில் திட்டு விழும். இரண்டு தடவை முக்கலாம்" என்கிறார். இப்படித்தான் புது டிசைன் பிறக்கிறது.

சரி. அந்தத் துணி ஆடையாகி மேடை ஏறுகிறது. விளக்கு எரிகிறது. கைதட்டுகிறார்கள். யார் பெயரைச் சொல்கிறார்கள்? மாணவியின் பெயரை. கட்டையை எங்கே வைப்பது என்று சொன்னது அவள்தான். சாயம் திட்டாகாமல் காத்தது யார்? அவர் பெயரும் வர வேண்டும் என்று நான் நினைக்கிறேன். நல்ல மாணவர்கள் சொல்லிவிடுகிறார்கள். சிலர் "கிராமத்துக் கைவினைஞர்கள்" என்று மொத்தமாகச் சொல்லி முடித்துவிடுகிறார்கள்.

இன்னொரு தொல்லையும் உண்டு. அஜ்ரக் டிசைனை இயந்திரத்தில் அடித்து மலிவாக விற்கிறார்கள். வாரக்கணக்கில் செய்த துணியின் விலை கட்டுப்படியாகாமல் போகிறது. 2024-இல் கட்ச் அஜ்ரக்குக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெயரை மற்றவர்கள் கண்டபடி போட்டுக்கொள்வதை எதிர்க்க இது உதவும். ஆனால் இது பெயருக்குக் காவல். ஒருவர் யோசித்த புது டிசைனுக்கு இது காவல் இல்லை.

கல்லூரி இல்லாத பேஷன்

கட்சில் ரபாரி என்ற சமூகத்தார் இருக்கிறார்கள். ஆடு மாடு, ஒட்டகம் மேய்ப்பவர்கள். அந்தப் பெண்களின் பூத்தையல் பேர் போனது. துணியில் சிறு கண்ணாடிகளை வைத்துச் சுற்றிலும் தைப்பார்கள். கல்யாணப் பெண் பாவாடை, ரவிக்கை, பை என்று ஏராளமாகத் தைத்துச் சேர்த்தால்தான் புருஷன் வீட்டுக்குப் போக முடியும். எதிர்பார்ப்பு ஏறிக்கொண்டே போனது. தைத்து முடியவில்லை என்று பெண்கள் பிறந்த வீட்டிலேயே இருந்தார்கள். சிலருக்கு முப்பது வயதுகூட ஆகிவிட்டது.

இவர்களில் தேபாரியா ரபாரி என்ற பிரிவின் பெரியவர்கள் 1995-இல் கூடினார்கள். "இனி நம் பெண்கள் தங்களுக்காகப் பூத்தையல் போடக் கூடாது" என்று தடை போட்டார்கள். தைத்தது பெண்கள். முடிவு செய்தது பெரியவர்கள். இதைக் கவனியுங்கள்.

பெண்கள் சும்மா இருக்கவில்லை. ஊசியால் பூப்போடத்தானே தடை? கடையில் விற்கும் ரிப்பன், ஜரிகை, லேஸ் எல்லாவற்றையும் வாங்கினார்கள். துணியில் வரிவரியாக வைத்துத் தைத்தார்கள். தையல் இயந்திரத்தையும் பழகினார்கள். வேலை சீக்கிரம் முடிந்தது. பார்க்கவும் பளிச்சென்று இருந்தது. ஹரி ஜரி என்று அதற்குப் பெயரும் வந்தது. நான்கு ஆண்டுப் படிப்பில் சொல்லித் தருவதற்கு இது எந்த வகையில் குறைந்தது?

அந்த வேலையை வைத்தே முன்னுக்கு வந்தவர் பாபிபென் ரபாரி. பென் என்றால் குஜராத்தியில் அக்கா, தங்கை என்று பொருள். இவர் படித்தது நான்காம் வகுப்பு வரை. ரிப்பன் வைத்துத் தைத்த இவருடைய பை 'பாபி பை' என்றே பெயர் பெற்றது. பிறகு தன் பெயரிலேயே நிறுவனம் தொடங்கினார். ஊர்ப் பெண்களுக்கு வேலை கொடுத்தார். டிசைன் செய்தவர் பெயரே பைக்கும் பெயரானது.

தைப்பவர்களே மாணவர்கள்

"டிசைன் படித்தவர் சொல்ல வேண்டும், கைவினைஞர் செய்ய வேண்டும். ஏன் இந்தப் பிரிவு?" இப்படி ஒரு கேள்வி கட்சில் எழுந்தது. 2005-இல் கலா ரக்ஷா வித்யாலயா என்ற பள்ளி தொடங்கியது. தொடங்கியவர் ஜூடி ஃப்ரேட்டர் என்ற அமெரிக்கப் பெண்மணி. கட்சின் பூத்தையலைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். 2014-இல் ஆதிபூரில் சோமையா கலா வித்யா என்ற பள்ளியும் வந்தது.

இங்கே மாணவர்கள் யார்? நெசவாளர்கள், அச்சுக்காரர்கள், பூத்தையல் பெண்கள். கையில் தொழில் இருந்தால் போதும். வித்யாலயாவில் ஓர் ஆண்டுக்குள் ஆறு வகுப்புகள் வைத்தார்கள். ஒவ்வொன்றும் இரண்டு வாரம். நடுவில் வீட்டுக்குப் போய்ப் பிழைப்பைப் பார்க்கலாம். தொழிலை நிறுத்திவிட்டு நான்கு ஆண்டு உட்கார யாரால் முடியும்?

முதல் பாடம் நிறம். பிறகு வடிவம். அதன் பிறகு சந்தை. சந்தைப் பாடத்துக்காக அகமதாபாத் போனார்கள். கடைகளைப் பார்த்தார்கள். துணி வாங்குகிறவர்கள் எப்படி வாழ்கிறார்கள், எதை விரும்புகிறார்கள் என்று தெரிந்துகொண்டார்கள்.

நகரத்து மாணவி நோட்டோடு கிராமத்துக்குப் போனாள் அல்லவா? இப்போது கிராமத்து நெசவாளரும் நோட்டோடு நகரத்துக்குப் போனார். அவரும் அட்டையில் படம் ஒட்டினார். நிறம் சேர்த்துப் பார்த்தார். கடைசியில் தன் தொகுப்பை நடுவர்கள் முன்னால் வைத்தார். இந்த நிறத்தை ஏன் எடுத்தேன், இந்தக் கோட்டை ஏன் விட்டேன் என்று தன் வாயாலேயே விளக்கினார்.