ஐந்தாம் மாடியில் இளைப்பாறுவோர்

உத்தியோகத்தினின்றும் விலகியவரைத் தமிழகத்தார் ‘ஓய்வு பெற்றவர்’ என்பர். ஈழநாட்டில் நாமோ ‘இளைப்பாறியவர்’ என்று சொல்லிப் பழகிவிட்டோம். வெயிலிலே நெடுந்தூரம் நடந்து வந்த ஒருவன், வழியோரத்து மரநிழலில் தோட்சுமையை இறக்கி வைத்து, வியர்வை ஆறும்வரை அமர்ந்திருப்பதே இளைப்பாறுதல். அருமையான சொல், ஆனால் அதற்கு மரம் ஒன்று வேண்டுமன்றோ? வெள்ளவத்தையிற் காலி வீதியிலிருந்து கடற்கரைப் புகையிரதப் பாதைவரை செல்லும் ஒழுங்கைகளில் வரிசையாக எழுந்து நிற்கும் தொடர்மாடிகளைக் காணும்போதெல்லாம் இக்கேள்வி நம் உள்ளத்தில் எழாமற் போவதில்லை. அம்மாடிகளின் சாளரங்களுக்குப் பின்னே கணவனும் மனைவியுமாகத் தனித்து வாழும் முதியோர் எத்தனை பேர்!

முன்னாளில் இளைப்பாறுவதற்கு ஒரு முறை இருந்தது. 1905ஆம் ஆண்டிற் காங்கேசன்துறைவரை புகையிரதம் ஓடத் தொடங்கியபின், வடபகுதி இளைஞர் பலர் அரசாங்க உத்தியோகம் நாடிக் கொழும்புக்கு வந்தனர். ‘சமறி’ என்று பேர்பெற்ற கூட்டுக் குடித்தனங்களில் நாலைந்து பேராகத் தங்கிக் கந்தோருக்குப் போய்வந்தனர். மனைவி மக்கள் ஊரில் இருந்தனர். மாதந்தோறும் மணியோடர் ஊருக்குப் போயிற்று. ஐம்பத்தைந்து வயதானதும் குடையும் பெட்டியுமாக வண்டியேறி, கிணறும் முருங்கையும் வாழையும் உள்ள வளவுக்குத் திரும்பி, கோயில் தருமகர்த்தா சபையில் ஓரிடமும் வாசிகசாலையில் ஒரு கதிரையும் பெற்று, உபகாரச் சம்பளத்தில் எஞ்சிய காலத்தைக் கழித்தனர். கொழும்பு உழைக்குமிடம், ஊர் இருக்குமிடம் என்பதே கணக்கு.

அக்கணக்கு ஒரே நாளிற் பிழைத்துவிடவில்லை. 1956இன் அரசகரும மொழிச் சட்டத்தின் பின், சிங்களத்திற் சித்தியெய்த இயலாமலும் மனமில்லாமலும் காலத்துக்கு முன்னரே உத்தியோகத்தை விட்டவர் பலர். 1958, 1977 கலவரங்களுக்குத் தப்பிய வீடுகள் 1983 ஜூலையில் எரிந்தன. வெள்ளவத்தையிலிருந்து அகதி முகாமுக்கும், அங்கிருந்து கப்பலிற் காங்கேசன்துறைக்கும் போனவர்கள், இனிக் கொழும்பை மிதிப்பதில்லை என்று உறுதிபூண்டிருந்தனர். ஆனால் 1995 ஒக்டோபர் 30ஆந் திகதி வலிகாமமே பெயர்ந்து நடந்தது. அடுத்த சில ஆண்டுகளில், ஊருக்குத் திரும்புவதற்குப் பதிலாக ஊரே கொழும்புக்கு வந்து சேர்ந்தது. வெள்ளவத்தையின் பழைய மனைகள் இடிக்கப்பட்டு மாடிகளாயின. ‘மணல் தோட்டம்’ எனப் பொருள்படும் பெயருடைய அவ்வூரில் இன்று மணல் கடலோரத்தில் மாத்திரமே உண்டு. தோட்டம் பூச்சட்டிகளில் உண்டு.

இத்தகைய தம்பதியர் ஒருவரை உதாரணமாகக் கொள்வோம். யாழ்ப்பாணக் கச்சேரியில் லிகிதராக இருந்து இளைப்பாறியவர், வயது எழுபத்தெட்டு. மனைவி அவருக்கு ஆறு வயது இளையவர், வெளியுத்தியோகம் பார்த்தவரல்லர். மூத்தவன் இலண்டனில், மகள் கனடாவில். ஐந்தாம் மாடியில் இரண்டு அறைகள். மகன் வாங்கிக் கொடுத்தவை. வீட்டு உறுதி அவன் பெயரில்.

விடியற்காலை ஐந்து மணிக்கு, கடலோரமாகக் கோட்டைக்குச் செல்லும் முதற் புகையிரதத்தின் ஓசையில் ஐயா விழித்துக் கொள்கிறார். “இஞ்சேருங்கோ, மருந்து போட்டனீங்களே?” என்று அடுக்களையிலிருந்து குரல் வருகிறது. கோப்பி வருகிறது. பத்திரிகை வந்ததும் அவர் முதலிற் புரட்டுவது அரசியலையன்று, மரண அறிவித்தல்களையே. இது வெள்ளவத்தை முதியோர் அனைவருக்கும் பொதுவான பழக்கம் என்றே கூறலாம். அதை அவலட்சணமென்று இளைஞர் சிரிப்பதுண்டு. ஆயினும் சிதறிய ஒரு சமூகத்துக்கு அப்பக்கமே குடிசன மதிப்பீடு. இறந்தவரின் பெயர், பிறந்த ஊர், கொண்ட ஊர், பின்னர் பிள்ளைகளின் பெயர்களுக்குப் பக்கத்தில் அடைப்புக்குறியில் இலண்டன், ரொறன்ரோ, பாரிஸ், சிட்னி. பள்ளித் தோழன் எங்கே போனான், அவன் மகன் எந்நாட்டில் வாழ்கிறான் என்பதையெல்லாம் அவன் இறந்த பின்னரே அறிந்துகொள்ளும் காலமாயிற்று.

எட்டு மணிக்குச் சந்தை. யாழ்ப்பாணத்திலிருந்து இரவோடிரவாக வந்த முருங்கைக்காயும் ஒடியல் மாவும் பனங்கட்டியும் அங்கே கிடைக்கும். விலைதான் ஊர் விலையன்று. அம்மாவுக்கு விலையினும் பெரிய குறை கிணறில்லாமை. யாழ்ப்பாணத்தவர்க்குக் கிணற்றடி என்பது நீரெடுக்கும் இடம் மாத்திரமன்று. குளிப்பும் துவைப்பும் அயலாருடன் உரையாடலும் கறிவேப்பிலைச் செடிக்குப் போகும் வாய்க்கால் நீரும் சேர்ந்த ஓர் உலகம். இங்கே குழாயைத் திறந்தால் நீர், மூடினால் அமைதி. பகற்பொழுதில் தமிழ்ச் சங்கத்து நூலகம் ஐயாவுக்குப் புகலிடம். 1942இல் நிறுவப்பட்ட கொழும்புத் தமிழ்ச் சங்கம் வெள்ளவத்தையிலேயே அமைந்திருப்பது இவர் போன்றோர்க்குப் பெரும்பேறு. அம்மாவுக்கு வெள்ளியும் செவ்வாயும் கோயில். ஏனைய நாட்களில் தொலைக்காட்சி. அதைப்பற்றி அதிகம் சொல்வதற்கில்லை.

ஆண்டுக்கொருமுறை அவர் செய்தாக வேண்டிய வேலையொன்று உண்டு. ஓய்வூதியம் தொடர்ந்து கிடைக்க வேண்டுமாயின், தாம் உயிரோடிருப்பதாகக் கிராம உத்தியோகத்தரின் உறுதிப்பாட்டுடன் பிரதேச செயலகத்துக்குச் சான்றிதழ் அளித்தல் வேண்டும். வெள்ளவத்தையார்க்கு அது திம்பிரிகஸ்யாயப் பிரதேச செயலகம். உயிரோடிருப்பவன் நேரில் வந்து நின்று, ‘யான் உயிரோடிருக்கிறேன்’ என்று எழுதிக் கொடுப்பதில் உள்ள நகைச்சுவையை ஐயா பலமுறை சொல்லிச் சிரித்ததுண்டு.

கொட்டாஞ்சேனையில் இளைப்பாறியோர் நிலை வேறு. அங்கே பெரும்பாலோர் கடைகளிலும் துறைமுகத்தை அண்டிய தொழில்களிலும் கம்பனிகளிலும் உழைத்தவர்கள். அவர்களுக்கு மாதந்தோறும் வரும் ஓய்வூதியம் இல்லை. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தால் ஏற்பட்ட ஊழியர் சேமலாப நிதியே உண்டு. சம்பளத்தில் நூற்றுக்கு 8 வீதத்தைத் தொழிலாளியும் 12 வீதத்தை முதலாளியும் செலுத்த, ஆண்களுக்கு 55 வயதிலும் பெண்களுக்கு 50 வயதிலும் முழுத்தொகையும் ஒருங்கே கைக்கு வரும். மகளின் கலியாணத்துக்கும் கூரைத் திருத்தத்துக்கும் அது போய்விடும். பின்னர் பிள்ளைகளே ஓய்வூதியம். ஆனால் அவர்களுக்கு வாய்த்த ஒன்று வெள்ளவத்தையார்க்கு வாய்க்கவில்லை. மூன்று தலைமுறையாக ஒரே தெருவில் வாழும் அயல் அது. சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லாற் புதுக்குவித்த பொன்னம்பலவாணேசர் ஆலயத்தில் மாலைப் பூசைக்கு ஒருவர் வரவில்லையெனில், மறுநாட் காலையில் வாசலில் யாரேனும் வந்து விசாரிப்பர். தொடர்மாடியில் எதிர்க்கதவின் பெயர்ப்பலகை தெரியும், முகம் தெரியாது.

மாலையில் இலண்டன் அழைப்பு. ஒக்டோபர் இறுதி ஞாயிறு முதல் மார்ச் இறுதி ஞாயிறு வரை இலண்டன் நமக்கு ஐந்தரை மணி நேரம் பின்னே நிற்கும். ஏனைய மாதங்களில் நாலரை மணி. இந்த மாற்றத்தை அம்மா பஞ்சாங்கம்போல் நினைவில் வைத்திருக்கிறார். “அப்பம்மா, சாப்பிட்டீங்களா?” என்ற கேள்வியோடு பேரனின் தமிழ் முடிந்துவிடும். எஞ்சியதை அவர் முகத்தைப் பார்த்தே அறிந்துகொள்கிறார்.

அங்கேயே போய் இருந்துவிட்டால் என்ன என்று வாசகர் வினவலாம். முடியாது என்பதே விடை. 2012 ஜூலை 9ஆந் திகதி முதல் பிரித்தானியா தன் குடிவரவு விதிகளை இறுக்கிவிட்டது. அன்றாடக் கருமங்களைத் தாமே செய்ய இயலாதவாறு முதுமையாலோ நோயாலோ தளர்ந்தவராயும், அவர்க்கு வேண்டிய பராமரிப்பு, மகன் பணம் கொடுத்தாலும் சொந்த நாட்டிற் கிடைக்காது எனக் காட்டத்தக்கவராயும் இருந்தாலன்றிப் பெற்றோரை அழைத்து வைத்துக்கொள்ள இடமில்லை. நடக்கக்கூடியவர் தகுதியற்றவர்; படுத்த படுக்கையானவரோ, பணத்துக்கு ஆள் வைக்கலாமே என்ற காரணத்தால் மறுக்கப்படலாம். இவ்விதியை எழுதியோர் தம் பெற்றோரை எண்ணி எழுதினரா என்று கேட்கத் தோன்றுகிறது. ஆகவே நம் தம்பதியர்க்குக் கிட்டுவது, ஒரு முறைக்கு ஆறு மாதத்துக்கு மேற்படாத சுற்றுலா விசாவே.

அந்த ஆறு மாதமும் எப்படிக் கழிகிறது? மகனும் மருமகளும் காலையில் வேலைக்குப் போய்விடுவர்; பேரன் பாடசாலைக்கு. குளிர்காலத்தில் நாலு மணிக்கே இருட்டு. சாளரத்தைத் திறக்க முடியாது. திறந்தால் வெளியே பேசுவதற்கு ஆளில்லை. சனி ஞாயிறில் ஹைகேற் முருகன் கோயில் அல்லது விம்பிள்டன் பிள்ளையார் கோயில். அங்கேதான் தம் வயதினரைக் காண்கின்றனர். எண்பதுகளில் அகதிகளாகப் போய், பெற்றோல் நிலையங்களிலும் கடைகளிலும் உழைத்து, இப்போது அந்நாட்டிலேயே இளைப்பாறியவர்கள். இலண்டன் பேருந்தில் அவர்களுக்குக் கட்டணமில்லை, மருந்துக்கும் கட்டணமில்லை. அவர்களைக் கண்டு இவர்கள் பெருமூச்செறிய, வெள்ளவத்தைச் சந்தையையும் கடற்காற்றையும் சொல்லி அவர்கள் பெருமூச்செறிவர்.

அவர்கள் இங்கே வந்துவிடலாமே என்றால், அதற்கும் ஒரு முட்டுக்கட்டை. இலங்கையில் வாழும் ஒருவருக்குப் பிரித்தானிய அரச ஓய்வூதியம் வந்து சேரும். ஆனால் ஆண்டுதோறும் ஏறாது. 2016இற் புதிய ஓய்வூதியம் தொடங்கியபோது முழுத்தொகை வாரத்துக்கு 155 பவுண் 65 பென்ஸ். அந்த ஆண்டே இளைப்பாறி இங்கு வந்தவர்க்கு அத்தொகை அப்படியே உறைந்து நிற்க, இலண்டனில் இருந்துவிட்ட அவர் தோழர் 2025இற் பெற்றது 230 பவுண் 25 பென்ஸ். பிலிப்பைன்சில் வாழ்ந்தால் ஏறும். இலங்கை, இந்தியா, கனடா, அவுஸ்திரேலியாவில் வாழ்ந்தால் ஏறாது. இவ்வேற்றுமையை எதிர்த்த வழக்கை 2010இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் தள்ளிவிட்டது. ஒரே தொகையைக் கட்டி உழைத்தவரிடையே வாழுமிடத்தை வைத்து வேறுபாடு காட்டுவது நியாயமென்று நமக்குப் படவில்லை.

உள்நாட்டு ஓய்வூதியமும் 2022இல் ஒரு பாடம் கற்பித்தது. அவ்வாண்டு செப்டெம்பரிற் கொழும்பின் விலைவாசி முந்திய ஆண்டைவிட நூற்றுக்கு 70 வீதமளவு ஏறி நின்றது. ஓய்வூதியமோ அவ்வளவுக்கு ஏறவில்லை. மார்ச் இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம்வரை மின்சாரம் நின்றபோது லிப்டும் நின்றது. கூரைத் தாங்கிக்கு நீரேற்றும் இயந்திரமும் நின்றது. ஊரிலாயின் வாளியைக் கிணற்றில் விட்டிருக்கலாம்; மூன்று கல்லை வைத்துச் சுள்ளி எரித்திருக்கலாம். மாடியில் விறகெரிக்க வழியில்லை. எரிவாயு உருளைக்கு ஐயா வரிசையில் நின்றார். பின் ஒவ்வொரு மாடியிலும் நின்று மூச்சு வாங்கி ஏறினார். வெறுங்கையோடு ஏறிய நாளும் உண்டு. அந்நாட்களில் எதிர்க்கதவு திறந்தது. இரண்டாண்டாக முகம் தெரியாதிருந்த அயல்வீட்டுப் பெண் ஒரு குடம் நீருடன், “அன்ரி, இதை வையுங்கோ” என்று வந்து நின்றாள்.

இருவரும் வாய்விட்டுப் பேசாத பொருள் ஒன்றுண்டு: யார் முந்துவது என்பது. ஐயா முந்தினால், 1898ஆம் ஆண்டிலேயே ஏற்பட்ட விதவைகள் அநாதைகள் ஓய்வூதியத் திட்டத்தின்கீழ் அம்மாவுக்கு ஏதோ வரும். அதற்கான கடிதங்கள், விவாகப் பதிவுப் பத்திரம், வங்கிப் புத்தகம் யாவும் ஓர் உறையில் இட்டு அலுமாரியின் இரண்டாந் தட்டில் வைத்திருக்கிறார். எந்தக் கந்தோரில் யாரிடம் கொடுக்க வேண்டும் என்பதையும் மேலே எழுதியிருக்கிறார். அம்மா முந்தினால்? அதற்கு உறையொன்றும் இல்லை. சோறு எத்தனை விசிலில் வேகும் என்றுகூட அவருக்குத் தெரியாது. சென்ற தைப்பொங்கலுக்குப் பின், “இஞ்சை வாங்கோ, பருப்பு எப்பிடி அவியிறது எண்டு பாருங்கோ” என்று அம்மா அவரை அடுக்களைக்கு அழைக்கத் தொடங்கியிருக்கிறார். ஏன் என்று அவர் கேட்கவில்லை.

இவ்வாண்டும் ஆடி பிறக்குமுன்னரே வீடு களைகட்டிவிடும். இலண்டன் பாடசாலை விடுமுறையும் நல்லூர்க் கந்தன் திருவிழாவின் இருபத்தைந்து நாட்களும் ஏறக்குறைய ஒரே காலத்தில் வருவது முருகன் செய்த வசதி என்று அம்மா சொல்வார். 1990இல் நின்றுபோன யாழ்ப்பாணப் புகையிரதம் 2014 ஒக்டோபரில் மீண்டும் ஓடத் தொடங்கியபின், பேரனை வண்டியிலேயே ஊருக்குக் கூட்டிப் போகவேண்டும் என்பது ஐயாவின் பிடிவாதம். சாளரப் பக்கத்து இருக்கைக்கு முன்கூட்டியே பதிவு செய்தாயிற்று. ஊர் வளவிற் குடியிருப்பவருக்கும் சொல்லியாயிற்று: கிணற்றை இறைத்து வைக்க வேண்டும், பையன் துலாவைப் பார்த்ததில்லை.