கிழ டிராக்டர் ஏன் முரண்டு பிடிக்கிறது?

முக்கால் அங்குலத்தில் இருக்கிறது ரகசியம்!

புது வர்ணம் பூசியாயிற்று. புது டயர் மாட்டியாயிற்று. என்ஜினும் "தட தட" என்று ஓடத் தொடங்கிவிட்டது. வீட்டில் உள்ளவர்கள் கை தட்டுகிறார்கள். ஆனால் கிளச்சை மிதித்து கியர் போட்டால், "கர்... கர்..." என்று பல்லை நெரிக்கும் சத்தம்! வண்டி முரண்டு பிடிக்கிறது.

அமெரிக்காவில் பழைய டிராக்டரைப் புதுப்பிக்கும் பலருக்கு இந்த அனுபவம் உண்டு. அவர்களுக்கு மிகவும் பிடித்த வண்டிகளில் ஒன்று "போர்டு 8-என்". மிச்சிகன் மாநிலத்தில் 1947 முதல் 1952 வரை இதைத் தயாரித்தார்கள். 5 லட்சத்துக்கும் அதிகமான வண்டிகள் வெளிவந்தன. அவற்றில் பல இன்னும் ஓடுகின்றன!

கிளச் என்ன செய்கிறது?

என்ஜினோடு சேர்ந்து ஒரு கனமான இரும்புச் சக்கரம் சுழல்கிறது. வலுவான ஸ்பிரிங்குகள் ஒரு தகட்டை அந்தச் சக்கரத்தின் மீது அமுக்கிப் பிடித்திருக்கின்றன. தகடு ஒட்டி இருந்தால், என்ஜினின் சக்தி கியர் பெட்டிக்குப் போகும். பெடலை மிதித்தால் தகடு விடுபடும். சக்தி நின்றுவிடும். அப்போதுதான் கியர் போட முடியும்.

பெடலைக் கையால் அமுக்கிப் பாருங்கள். முதலில் லேசாக இறங்கும். பிறகு ஓர் இடத்தில் கனமாகத் தடுக்கும். அந்த லேசான தூரம் முக்கால் அங்குலம் இருக்க வேண்டும். இதுதான் கணக்கு!

கூடினாலும் தொல்லை, குறைந்தாலும் தொல்லை!

தூரம் அதிகமானால், பெடலை முழுவதும் மிதித்தாலும் தகடு சரியாக விடுபடாது. கியர் கத்தும்.

தூரமே இல்லாவிட்டால், தகடு சரியாகப் பிடிக்காது. என்ஜின் அலறும், மேட்டில் வண்டி ஏறாது. தகடு உராய்ந்து கருகும். தகடு தேயத் தேய இந்தத் தூரம் தானாகக் குறையும். ஆகவே அடிக்கடி அளந்து பார்ப்பது நல்லது. ஓட்டும்போது பெடல் மீதே காலை வைத்திருக்கும் பழக்கமும் கெடுதல்தான்.

சரி செய்வது எப்படி? முதலில் என்ஜினை நிறுத்த வேண்டும். பெடலுக்குக் கீழே ஒரு கம்பி போகிறது. அதன் நுனியில் உள்ள ஊசியைக் கழற்றி, பூட்டு நட்டைத் தளர்த்தி, முனையைத் திருக வேண்டும். கம்பியின் நீளம் மாறும். அரைச் சுற்று திருகுங்கள், மாட்டுங்கள், அளந்து பாருங்கள். அவசரம் கூடாது.

அப்படியும் கியர் கத்துகிறதா?

கிளச்சை மிதித்ததும் சில விநாடி பொறுத்து கியர் போட்டுப் பாருங்கள். அந்தக் காலத்துக் கியருக்குப் பொறுமை வேண்டும்!

அதிலும் பலன் இல்லை என்றால், தகடு துருப்பிடித்துச் சக்கரத்தோடு ஒட்டியிருக்கலாம். பல வருஷம் நின்ற வண்டிகளில் இது சகஜம். பெடலை மிதித்து, மரக்கட்டையால் முட்டுக் கொடுத்துச் சில நாள் விட்டுவைப்பார்கள். அதற்கும் மசியாவிட்டால், டிராக்டரை நடுவில் இரண்டு துண்டாகப் பிரித்துத்தான் தகட்டை எடுக்க வேண்டும். பெரிய வேலை! அதனால்தான் முதலில் முக்கால் அங்குலத்தைப் பார்க்க வேண்டும் என்கிறார்கள்.

உயிருக்கே ஆபத்து!

இன்னொரு விஷயம் முக்கியமானது. வண்டிக்குப் பின்னால் புல் வெட்டும் கருவியை மாட்டி ஓட்டும்போது, கிளச்சை மிதித்தாலும் சில சமயம் வண்டி நிற்காது! "கிளச் கெட்டுவிட்டது" என்று பலர் கம்பியைத் திருகுகிறார்கள். குற்றம் கிளச்சில் இல்லை. கனமான கத்தி தொடர்ந்து சுழல்கிறது. அந்த வேகம் பின்புறத் தண்டு வழியாகக் கியர் பெட்டிக்குள் வந்து, சக்கரங்களை முன்னே தள்ளுகிறது. எதிரே வேலி இருக்கலாம், பள்ளம் இருக்கலாம், குழந்தை நிற்கலாம்!

இதற்கு மருந்து உண்டு. சுழற்சியை ஒரே திசையில் மட்டும் கடத்தும் இணைப்பு ஒன்று கடைகளில் கிடைக்கிறது. அதைத் தண்டில் மாட்டினால், கத்தி சுழன்றாலும் வண்டியைத் தள்ளாது.

வர்ணம் அடித்தால் டிராக்டர் அழகாகும். ஆனால் நிற்க வேண்டிய இடத்தில் நின்றால்தான் அது நல்ல டிராக்டர்!