கோர்ட் படி ஏறும் முன் – 9: வக்காலத்தில் இல்லாத வரி

முதன்முறையாக வக்கீல் அலுவலகத்துக்குப் போகிறவர் எவரும் கையெழுத்துப் போடாமல் வீடு திரும்புவதில்லை. குமாஸ்தா ஒரு தாளை நீட்டுவார். பெருக்கல் குறி போட்ட இடத்தில் நாம் கையெழுத்திடுவோம். பல நேரம் அதில் வழக்கு எண் இருக்காது, எதிராளி பெயர் இருக்காது, தேதியும் இருக்காது. அதுதான் வக்காலத்து.

உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 3-ஆம் கட்டளை, 4-ஆம் விதிப்படி, எழுத்தில் நியமனம் இல்லாமல் ஒரு வக்கீல் நமக்காக வழக்கில் செயல்பட முடியாது. அப்படித் தந்த நியமனம், வழக்கின் எல்லா நடவடிக்கைகளும் முடியும்வரை, அல்லது இருவரில் ஒருவர் இறக்கும்வரை உயிரோடு இருக்கும். இடையில் முறிக்க வேண்டுமானால் கோர்ட்டின் அனுமதி வேண்டும். அச்சடித்த படிவங்கள் பலவற்றில் மனு போடவும், சமரசம் செய்யவும், ஏன், நமக்கு வரும் பணத்தைப் பெற்றுக்கொள்ளவும்கூட அதிகாரம் கொடுத்திருக்கும். அரைகுறையாக நிரப்பிய வக்காலத்துகள் கோர்ட்டுக்கு வருவதை உச்ச நீதிமன்றமே 2005-இல் ஒரு தீர்ப்பில் கண்டித்திருக்கிறது. அதுவும் ஒருவகை அதிகாரப் பத்திரம்தான், அலட்சியமாகக் கையாளாதீர்கள் என்றது.

இவ்வளவு அதிகாரம் தருகிற அந்தத் தாளில் ஃபீஸ் எவ்வளவு என்று ஒரு வரிகூட இருப்பதில்லை. ‘பார்த்துக்கலாம், முதல்ல கேஸைப் போடுவோம்’ என்பதோடு பேச்சு முடிந்துவிடும். பத்தாயிரம் ரூபாய் வாடகைக்கு வீடு விடுகிறவர்கூட பதினொரு மாத ஒப்பந்தம் எழுதாமல் சாவி தருவதில்லை. பத்து வருடம் நடக்கப்போகிற பாகப்பிரிவினை வழக்குக்கு மட்டும் வாய்வார்த்தை போதும் என்று நினைக்கிறோம்.

எப்போதும் இப்படி இருக்கவில்லை. 1879-ஆம் ஆண்டின் வழக்குத் தொழிலர் சட்டம், பிளீடர்கள் கட்சிக்காரரோடு செய்யும் ஃபீஸ் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், அதை நீதிமன்றத்தில் தாக்கலும் செய்ய வேண்டும் என்றது. 1926-இல் வந்த கட்டணச் சட்டம் அந்தக் கட்டுப்பாட்டை விலக்கி, இருவரும் தனிப்பட்ட முறையில் பேசிக்கொள்ளலாம் என்றது. பேசியபடி ஃபீஸ் வராவிட்டால் வக்கீல் வழக்குப் போடவும் வழி செய்தது. ஆகவே எழுத்தில் இருப்பது வக்கீலுக்கும் நல்லதுதான். தீர்ப்பு வந்த மறுநாளே போனை எடுக்காத கட்சிக்காரர்கள் பற்றி அவர்களிடம் கதை கதையாக உண்டு.

என்ன பேசினாலும் ஒன்றை மட்டும் பேசக் கூடாது: சதவீதம். ஜெயித்தால் இத்தனை பங்கு என்று வக்கீல் பேசுவதை இந்திய வழக்கறிஞர் மன்ற விதிகளின் 20-ஆம் விதி தடுக்கிறது. அமெரிக்காவில் இது சாதாரணம். இங்கே தொழில் ஒழுங்கீனம். ஆனாலும் விபத்து நஷ்டஈட்டு வழக்குகளில் இந்தப் பேச்சு ஓய்ந்தபாடில்லை.

தெலங்கானாவில் ஒரு பெண். 1998-இல் சாலை விபத்தில் கணவரை இழந்தவர். வக்கீலுக்குப் பத்து லட்சம் ரூபாய் கொடுத்த பிறகும், 2014-இல் இன்னொரு மூன்று லட்சத்துக்குத் தன்னிடம் வற்புறுத்திக் காசோலை வாங்கினார்கள் என்றார் அவர். காசோலை திரும்பியது. வக்கீல் கிரிமினல் வழக்குப் போட்டார். உச்ச நீதிமன்றம் 2017 டிசம்பரில் அந்த வழக்கை ரத்து செய்தது. நஷ்டஈட்டில் சதவீதமாக ஃபீஸ் கேட்பது பொதுக்கொள்கைக்கு விரோதம், ஒப்பந்தச் சட்டத்தின் 23-ஆம் பிரிவின்படி செல்லாது, காசோலை கொடுத்ததாலேயே அந்தக் கடன் சட்டப்படியான கடனாகிவிடாது என்றது. கணவரின் சாவுக்குக் கிடைத்த பணத்தைக் காப்பாற்ற அவர் டெல்லி வரை போக வேண்டியிருந்தது.

அடுத்த தகராறு கேஸ் கட்டு. வக்கீலை மாற்ற நினைத்தால், ‘பாக்கியைக் கொடு, கட்டைத் தருகிறேன்’ என்பது வழக்கமான பதில். மத்தியப் பிரதேசத்தில் ஒரு கூட்டுறவு வங்கியின் சட்ட ஆலோசகர் 97,100 ரூபாய் பாக்கி என்று சொல்லி அதன் கட்டுகளைத் தர மறுத்தார். இந்திய வழக்கறிஞர் மன்றம் அவருக்கு 18 மாதம் தொழில் தடையும் ஆயிரம் ரூபாய் அபராதமும் விதித்தது. 2000-இல் உச்ச நீதிமன்றம் தண்டனையைக் கண்டனமாகக் குறைத்தாலும், கட்டு அடகுப் பொருள் அல்ல என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. பாக்கி இருந்தால் வக்கீல் சட்டப்படி வசூலிக்கட்டும், கட்டைப் பிடித்து வைக்கக் கூடாது.

நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாமா? முடியாது. வக்கீல் சேவை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வராது என்று 2024 மே 14-ஆம் தேதி தீர்ப்பாகிவிட்டது. கட்சிக்காரர் சொல்படிதான் வக்கீல் நடக்க வேண்டும், ஆகவே இது தனிப்பட்ட பணி ஒப்பந்தம் என்பது அதில் சொன்ன காரணம். சொல்படி நடக்கச் சொல்லும் துணிச்சல் எத்தனை கட்சிக்காரருக்கு இருக்கிறது என்று எனக்குக் கேட்கத் தோன்றுகிறது.

அதனால் வக்காலத்தோடு இன்னொரு தாளும் வேண்டும். ஸ்டாம்ப் பேப்பர் தேவையில்லை, வக்கீலின் லெட்டர்ஹெட்டில் ஒரு பக்கக் கடிதம் போதும். மொத்த ஃபீஸா, வாய்தாவுக்கு இவ்வளவா? கோர்ட் கட்டணமும் டைப்பிங், நகல் செலவும் அதில் அடக்கமா? சீனியர் வாதாடுவாரா, ஜூனியரா? அப்பீல் தனியா? இடையில் பிரிந்தால் எவ்வளவு திரும்பும்? வேலை செய்யாத பகுதிக்கான ஃபீஸை விலகும் வக்கீல் திருப்பித் தர வேண்டும் என்று விதியே இருக்கிறது. கணக்கு கேட்டால் அதன் நகலையும் அவர் தர வேண்டும். சமரசத்துக்கும் பணம் பெறுவதற்கும் படிவத்தில் உள்ள அதிகாரத்தைக் கொடுக்க விருப்பமில்லை என்றால், கையெழுத்துக்கு முன்பே அந்த வரியை அடிக்கச் சொல்லலாம். இதற்கெல்லாம் முகம் சுளிக்கிற வக்கீல் உங்களுக்கு வேண்டாம்.

ஏற்கெனவே சிக்கலில் இருப்பவர்கள் தமிழ்நாடு மற்றும் புதுச்சேரி வழக்கறிஞர் மன்றத்தில் எழுத்துமூலம் புகார் செய்யலாம். வழக்கறிஞர்கள் சட்டத்தின் 35-ஆம் பிரிவு கண்டனம் முதல் பெயர் நீக்கம் வரை தண்டனைக்கு இடம் தருகிறது. கொடுத்த பணத்துக்கு ரசீது, வங்கிக் கணக்கு, வாட்ஸ்அப் செய்தி எது இருந்தாலும் புகாரோடு இணையுங்கள்.

அடுத்த வாரம்: அரசு செலவில் வக்கீல் யாருக்கெல்லாம் கிடைப்பார்?