வீட்டை அழகுபடுத்தப் போறீங்களா? மூக்கையும் முழங்காலையும் மறந்துடாதீங்க!

"புது அலமாரி வந்ததிலிருந்து பையனுக்குத் தும்மல் நிக்கவே இல்லை டாக்டர்!"

என்னிடம் வருகிற புகார்களில் இப்போதெல்லாம் இது தனி ரகமாகவே ஆகிவிட்டது. "வீட்டுல ஏதாவது வேலை நடந்துச்சா?" என்று கேட்டால் போதும், அம்மாவின் முகம் மலர்ந்துவிடும். "ஆமா டாக்டர்! இன்டீரியர் டிசைனரை வெச்சு வீட்டையே மாத்திட்டோம்" என்று செல்போனில் படத்தைக் காட்டுவார். ஹாலில் ஃபால்ஸ் சீலிங், மாடுலர் கிச்சன், பெட்ரூம் சுவர் முழுக்க வார்ட்ரோப்... வீடு சினிமா செட் மாதிரி ஜொலிக்கும். ஜன்னல் எங்கே என்று தேடினால்தான் கிடைக்காது!

டிசைனர் வைப்பதே தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. விவரமான ஒருவர் கிடைத்தால் 700 சதுர அடி ஃபிளாட்டில்கூட நாலு பேர் இடித்துக்கொள்ளாமல் வாழ வழி செய்துவிடுவார். ஆனால் பட்ஜெட் என்ன, என்ன கலர் பிடிக்கும் என்று கேட்கிறவர், "வீட்டில் யாருக்கு மூச்சிரைப்பு? ராத்திரி யார் எத்தனை தடவை எழுந்து பாத்ரூம் போவார்கள்? சமைக்கிறவர் எவ்வளவு உயரம்?" என்று பெரும்பாலும் கேட்பதில்லை. அதையெல்லாம் நாமேதான் முதல் சந்திப்பிலேயே ஒரு தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும். கட்டிலில் தலை எந்தத் திசையில் இருக்க வேண்டும் என்பதற்குக் காட்டுகிற அக்கறையில் கால்வாசி போதும்.

முதலில் அந்த வாசனை விஷயம். புது அலமாரியைத் திறந்ததும் குப்பென்று ஒரு நெடி அடிக்கிறதே, அதைப் பலர் "புது வாசனை" என்று ரசிக்கிறார்கள். பிளைவுட், பார்ட்டிகிள் போர்டு, எம்.டி.எஃப். எல்லாமே மரத் தகடுகளையோ தூளையோ பசை போட்டு அழுத்திச் செய்பவை. அந்தப் பசையில் பெரும்பாலும் இருப்பது யூரியா ஃபார்மால்டிஹைடு. அதிலிருந்து ஃபார்மால்டிஹைடு என்ற வாயு மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்துகொண்டே இருக்கும். கண் எரிச்சல், தொண்டைக் கரகரப்பு, தும்மல், வறட்டு இருமல் எல்லாம் இதனால் வரலாம். ஏற்கெனவே ஆஸ்துமா இருப்பவர்களுக்குத் தொல்லை இரட்டிப்பு. சூடும் ஈரமும் கூடினால் கசிவும் கூடும். சென்னை மாதிரி ஊருக்குக் கேட்கவா வேண்டும்!

2004-ல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் இந்த வாயுவை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் சேர்த்தது. உடனே அலமாரியைத் தூக்கித் தெருவில் போட்டுவிடாதீர்கள்! தொழில் நிமித்தமாக இதை ஆண்டுக்கணக்கில் சுவாசித்தவர்களைப் பற்றிய ஆய்வுகள்தான் அந்த முடிவுக்கு முக்கிய ஆதாரம். அதற்காக, கைக்குழந்தை தூங்குகிற அறையில் தெரிந்தே அதை நிரப்பி வைக்கலாமா என்ன?

கொட்டேஷனில் வெறுமனே "பிளைவுட்" என்று எழுதியிருந்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள். எந்த ரகம், எத்தனை மில்லிமீட்டர், எந்தக் கம்பெனி என்று எழுதச் சொல்லுங்கள். '710' என்று கடைக்காரர்கள் சொல்கிற மரைன் பிளைவுட்டில் போடுவது ஃபீனால் சேர்ந்த பசை. அது தண்ணீருக்கும் தாங்கும், வாயுவும் குறைவாகவே விடும். வாயுக் கசிவு குறைவான பலகைகளில் 'ஈ-1', 'ஈ-0' என்று குறித்திருப்பார்கள். இரண்டில் ஈ-0 இன்னும் நல்லது. விலை கூடத்தான் செய்யும். அதற்கு ஃபால்ஸ் சீலிங்கில் ஒரு வளைவைக் குறைத்துக்கொள்ளலாம். பலகையின் வெட்டு முனைகளையும், கண்ணுக்குத் தெரியாத பின்பக்கத்தையும் மூடி ஒட்டச் சொல்வது முக்கியம். கசிவு அதிகம் அந்த வழியாகத்தான்.

"சாம்பிராணி போட்டா நெடி போயிடுமா டாக்டர்?" என்று கேட்கிறார்கள். போகாது. நெடியோடு புகையும் சேர்ந்துகொள்ளும், அவ்வளவுதான். நொச்சி ஆவி பிடித்தால் மூக்கடைப்பு சற்று இளகும். ஆனால் காரணம் பெட்ரூமிலேயே நிற்கும்போது எந்த மருந்து என்ன செய்யும்? நெடிக்கு மருந்து காற்றோட்டம்தான். கிரகப்பிரவேசத்துக்கு முதல் நாள் ராத்திரி வரை கார்பென்டர் சுத்தியல் தட்டுவது நம் ஊர் வழக்கம். அதை மாற்றி, வேலை முடிந்தபின் மூன்று நான்கு வாரமாவது அலமாரிக் கதவுகளையும் ஜன்னல்களையும் திறந்து போட்டுவிட்டு, பிறகு குடிபோங்கள். முகூர்த்தத்தை அதற்குத் தகுந்தாற்போலக் குறியுங்கள்.

காற்று என்றதும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. கொண்டல், கோடை, வாடை, தென்றல் என்று நாலு திசைக் காற்றுக்கும் பெயர் வைத்த ஊர் இது. பாளையங்கோட்டையில் நான் சித்த மருத்துவம் படித்த காலத்தில், அந்தப் பக்கத்து முற்றம் வைத்த வீடுகளில் மத்தியானத்தில்கூட மின்விசிறி இல்லாமல் தூங்கியிருக்கிறேன். ஃபிளாட்டில் முற்றத்துக்கு எங்கே போவது? இருக்கிற ஜன்னலையாவது காப்பாற்றலாமே! வெப்பமும் ஈரமும் உள்ள ஊர்களில் அறையின் தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்காவது ஜன்னல் திறப்பு வேண்டும் என்கிறது தேசியக் கட்டட விதித்தொகுப்பு. 120 சதுர அடி அறைக்கு 20 சதுர அடி. டிசைனர் தருகிற த்ரீ-டி படத்தில் ஜன்னலை மறைத்து வார்ட்ரோபோ, டி.வி. பேனலோ நின்றால் அங்கேயே பேனாவால் அடித்துவிடுங்கள். எதிரெதிரே இரண்டு திறப்பு இருந்தால், நடுவில் தடுப்புச் சுவர் வேண்டவே வேண்டாம்.

பழைய வீட்டைப் புதுப்பிக்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. வீட்டு பெயின்டில் காரீயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த எனாமலை, முக்கியமாகக் கதவு ஜன்னல்களில் இருப்பதை, உலர்ந்தபடியே உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் காரீயத் தூசி வீடெங்கும் பறக்கும். நனைத்துத் தேய்க்கச் சொல்லுங்கள். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் அந்த நாட்களில் வீட்டிலேயே இருக்கக் கூடாது.

அடுப்படி மேடை உயரத்தை எல்லா வீட்டுக்கும் ஒரே அளவில் போட்டுவிட்டுப் போகிறார்கள். சமைக்கிறவரை நிற்க வைத்து, முழங்கையை மடக்கச் சொல்லி, அதற்கு நாலிலிருந்து ஆறு அங்குலம் கீழே மேடை வரும்படி அளவெடுக்க வேண்டும். மேடை உயர்ந்துவிட்டால் தோள்பட்டை வலி, தாழ்ந்துவிட்டால் இடுப்பு வலி. சிம்னி வைத்தால் குழாய் வழியாகப் புகை வெளியே போக வேண்டும். வடிகட்டி அதே அறைக்குள் திருப்பி விடுகிற ரகத்தில் நாற்றம் கொஞ்சம் குறையும். சூடும் ஈரமும் அங்கேயேதான் சுற்றும்.

டிசைனரை அமர்த்துமுன், அவர் இரண்டு வருஷத்துக்கு முன்னால் முடித்த ஒரு வீட்டைப் பார்க்கக் கேளுங்கள். போன மாசம் முடித்த வீடு எல்லோருக்கும் அழகாகத்தான் இருக்கும்! அங்கே சமைக்கிற அம்மாவிடம் ஐந்து நிமிஷம் பேசினால் போதும், எல்லாம் தெரிந்துவிடும். பணத்தை வேலை நடக்க நடக்கப் பிரித்துக் கொடுங்கள். கடைசித் தவணையை, கதவுகள் ஒழுங்காக மூடுகிறதா, ஒப்புக்கொண்ட பலகையையே போட்டிருக்கிறாரா என்று பார்த்த பிறகுதான் கொடுக்க வேண்டும்.

வீட்டில் பெரியவர்கள் இருந்தால் தரையில் கண்ணாடி போல மின்னுகிற டைல்ஸ் வேண்டாம். ஹாலுக்கும் டைனிங்குக்கும் நடுவே அழகுக்காக ஒரு படி உயர்த்துகிறார்களே, அதைக் கண்டிப்பாக மறுத்துவிடுங்கள். அறுபதைத் தாண்டியவருக்கு இடுப்பெலும்பு முறிந்தால் பழையபடி நடமாடுவது எவ்வளவு கஷ்டம் என்று அந்த வீட்டுக்காரர்களைக் கேட்டால் தெரியும். பாத்ரூமில் சொரசொரப்பான டைல்ஸ் போட்டு, கம்மோடு பக்கத்தில் கைப்பிடி ஒன்று பதிக்கச் சொல்லுங்கள். டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்பே சொன்னால்தான் சுவரில் அது உறுதியாக நிற்கும். அப்புறம், தாத்தா கட்டிலில் படுத்தபடியே கை நீட்டினால் எட்டுகிற இடத்தில் ஒரு லைட் ஸ்விட்ச். வயரிங் வேலை ஆரம்பிக்கும் அன்றே எலெக்ட்ரீஷியனிடம் இடத்தைக் காட்டிவிடுங்கள்.